கொல்லையில் ஒரு நந்தவனம்

பங்குனி பிறந்து பத்து நாள்கள் ஆவதற்குள் வீட்டுக் கொல்லையில் சில மாறுதல்கள் தெரியத் தொடங்கும். வேம்பின் பழுத்த இலைகள் உதிர்ந்து செந்நிறக் கொழுந்துகள் தலைகாட்டும். மாமரத்தில் பூவெல்லாம் கொட்டிப்போய்க் கொத்துக்குச் சில பிஞ்சுகள் மட்டும் நிற்கும். விடியற்காலையில் குயில் விடாமல் கூவும். பிற்பகல் வெம்மை தணிந்து தென்றல் எழும்போது எந்தச் செடியிலிருந்து வருகிறது என்று சொல்ல இயலாத ஒரு மணம் முற்றம் வரை வந்து சேரும். பஞ்சாங்கத்தைப் புரட்டாமலேயே இளவேனில் வந்துவிட்டது என்பதை வீட்டு முதியவர்கள் அறிந்துகொள்வார்கள்.

சித்திரையும் வைகாசியும் இளவேனிற் காலம் என்று தமிழ் மரபு வகுத்தது. வடமொழி மரபு இதனை வசந்த ருது என்கிறது. பகவத் கீதையின் பத்தாம் அத்தியாயத்தில், மாதங்களுள் தான் மார்கழி என்று அருளிய கண்ணபிரான், அதே சுலோகத்தில் பருவங்களுள் தான் மலர்கள் நிறைந்த வசந்தம் என்றும் அருளுகிறான். மார்கழியை வீடுகள் மறப்பதில்லை. விடியலில் கோலமிட்டு, திருப்பாவையும் திருவெம்பாவையும் ஓதி அம்மாதத்தைப் போற்றுகின்றன. அதே சுலோகத்தில் அடுத்து வரும் வசந்தத்துக்கு வீடுகளில் அத்தகைய வரவேற்பு இல்லை.

கோயில்களில் அது உண்டு. மதுரையில் வசந்த விழாவுக்கென்றே திருமலை நாயக்கர் புதுமண்டபத்தைக் கட்டுவித்தார். கோடையின் வெம்மை தாக்காதிருக்க அதனைச் சுற்றி நீர் நிற்கும் அமைப்பையும் செய்வித்தார். திருமலையில் சைத்ர மாதப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்கள் வசந்தோற்சவம் நடைபெறுகிறது. சமயபுரத்தில் மாசி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பூச்சொரிதல் தொடங்குகிறது. அன்று முதல் 28 நாள்கள், பக்தர்களின் நலனுக்காக அம்மன் தானே பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். கூடை கூடையாக வரும் மலர்களால் அவள் திருமேனி குளிர்கிறது.

இவ்விழாக்களை நேரில் சேவித்த கண்கள் பல இன்று வீட்டுக்குள் இருக்கின்றன. முழங்கால் வலியாலும், பார்வை மங்கியதாலும், துணைக்கு ஆள் இல்லாமையாலும் கோயில் வாசலைக் கண்டு பல மாதங்கள் ஆன முதியவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய கொல்லையிலும் ஒரு வசந்த உற்சவம் நடைபெறுகிறது. கதவைத் திறந்து அதனைப் பார்ப்பதுவும் வழிபாட்டின் ஒரு பகுதி என்பதற்கு நாயன்மார் ஒருவரின் வாழ்வே சான்றாக நிற்கிறது.

நால்வகை மலர்கள்

சோழ நாட்டுத் திருப்புகலூரில் வாழ்ந்த முருக நாயனாரின் திருத்தொண்டு மலர்த்தொண்டு. பொழுது புலர்வதற்கு முன் எழுந்து நீராடி, நந்தவனம் சென்று, அரும்புகள் கட்டவிழும் வேளை பார்த்து மலர்களைக் கொய்வார். கொய்தவற்றை வகைவகையாகப் பிரித்துக் கூடைகளில் சேர்ப்பார். மரக்கிளைகளில் மலர்வது கோட்டுப்பூ. கொடிகளில் மலர்வது கொடிப்பூ. நிலத்தை ஒட்டிய செடிகளில் மலர்வது நிலப்பூ. நீரில் மலர்வது நீர்ப்பூ. இந்நால்வகை மலர்களையும் பலவகை மாலைகளாகத் தொடுத்து, வர்த்தமானீச்சரத்துப் பெருமானுக்கு வேளை தவறாமல் சாத்தி மகிழ்ந்தார் என்று சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் விரித்துரைக்கிறார். திருஞானசம்பந்தர் திருப்புகலூருக்கு எழுந்தருளியபோது தங்கியதும் இந்நாயனாரின் திருமடத்தில்தான். நாயனாரின் குருபூசை நாள் வைகாசி மூலம். அதுவும் இளவேனிலிலேயே வருகிறது.

மலரைக் கொய்வதற்கு முன் நாயனார் செய்த செயல் ஒன்று உண்டு. எந்த அரும்பு இன்று அவிழும், எது நாளைக்குரியது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாராமல் கொய்ய இயலாது. மலர்த்தொண்டின் முதற்படி பார்த்தல். கை நடுங்கினாலும் கால் தளர்ந்தாலும் அந்த முதற்படி மட்டும் முதுமையில் எட்டாமல் போவதில்லை.

கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரில் அவ்வாறு பார்த்தே வாழ்ந்த தம்பதியர் இருந்தனர். கணவர் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஓட்டு வீடு, அதன் பின்னே கிணறும் துவைக்கும் கல்லும் தாண்டி நீண்டு கிடக்கும் கொல்லை. கணக்கு எழுதிப் பழகிய கை ஓய்வு பெற்ற பின்னும் சும்மா இருக்கவில்லை. ஆண்டுதோறும் வாங்கும் பஞ்சாங்கத்தின் ஓரங்களில், அந்தந்த நாளுக்கு நேராகப் பென்சிலால் சிறு குறிப்புகள் எழுதிவந்தார். "வேம்பு, முதல் பூ." "மல்லிகை, நாற்பது." "தேன்சிட்டு கூடு கட்டுகிறது." இவ்வளவே. இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பஞ்சாங்கங்கள் பூசையறை அலமாரியில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

அவர் மனைவிக்கு எழுதும் வழக்கம் இல்லை. ஆயினும் முதலில் பார்ப்பவர் அவரே. காலையில் நீர் இறைக்கச் சென்றவர் கூடத்துக்குத் திரும்பி வந்து, "கொன்றையில அரும்பு தொங்குதுங்க, வந்து பாருங்க" என்பார். பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சென்று, கண்ணால் கண்ட பின்னரே பென்சிலை எடுப்பார். கேள்விப்பட்டதைக் கணக்கில் ஏற்றும் வழக்கம் அவரிடம் இல்லை.

கோட்டுப்பூ

அக்கொல்லையின் கோட்டுப்பூக்களுள் முதலில் வருவது வேம்பு. பங்குனியில் தளிர்த்து, சித்திரையில் மரம் முழுவதும் வெண்ணிறப் பொடி தூவியது போலப் பூக்கும். மாலைக்குப் பின் அதன் மணம் மிகும். இலையிலும் பட்டையிலும் கசப்பை வைத்த மரத்தின் பூவில் தேன் மணம் கமழ்வதை எண்ணி வியக்காதவர் இல்லை. விடிந்ததும் மரத்தடியில் விரித்த பழைய வேட்டியில் உதிர்ந்த பூக்களை அம்மையார் சேகரிப்பார். காம்பும் குச்சியும் நீக்கி வெயிலில் உலர்த்தி, ஆண்டு முழுவதும் ரசத்துக்கு வைத்துக்கொள்வார். சித்திரை முதல் நாளன்று வேப்பம்பூவும் வெல்லமும் மாங்காயும் சேர்ந்த பச்சடி முதலில் இறைவனுக்கு நிவேதனமாகும். வரப்போகும் ஆண்டின் இனிப்பையும் கசப்பையும் ஒரே கிண்ணத்தில் ஏற்றுக்கொள்ளும் அவ்வழக்கத்துக்கு வேண்டிய பொருள்களை அந்தப் பருவமே கையில் கொடுத்துவிடுகிறது.

வேலியோரத்துப் புங்க மரம் அடுத்தது. சில நாள்கள் மொட்டையாக நின்று, பின் ஒரே வாரத்தில் பளபளக்கும் இளம்பச்சைத் தழையால் தன்னை மூடிக்கொள்ளும். அதன் சிறு பூக்கள் உதிர்ந்து கிடக்கும் தரை, பொரி இறைத்தது போலத் தோன்றும். இப்பூவை யாரும் மாலையாகத் தொடுப்பதில்லை. ஆயினும் சித்திரை வெயிலில் வழிப்போக்கர் நிற்கும் நிழலை முதலில் தருவது இம்மரம்தான். நிழல் தருவதும் ஒரு தொண்டே.

சித்திரை நடுவில் கொன்றை. இலைகள் பெரும்பாலும் உதிர்ந்த நிலையில் பொன்னிறச் சரங்கள் கிளைதோறும் தொங்கும். கூர்ந்து பார்த்தால், சென்ற ஆண்டுப் பூவில் உண்டான நீண்ட கரிய காய்களும் அதே கிளையில் தொங்குவதைக் காணலாம். காய் முதிர ஏறத்தாழ ஓராண்டு ஆகிறது. ஆதலால் பழைய ஆண்டும் புதிய ஆண்டும் ஒரு கிளையில் அருகருகே நிற்கின்றன. சிவபெருமான் சூடும் மலர் இது. கேரளத்தில் விஷுக்கனி காணும் தட்டில் இதுவே இடம்பெறுகிறது. கோடை விடுமுறைக்கு வந்த பேரன் ஒரு முறை மரத்தடியில் நின்று, "பாட்டி, கொன்றை வேந்தன்னு படிச்சேனே, அந்தக் கொன்றை இதுதானா?" என்று கேட்டான். ஔவையாரின் நூலுக்கு அப்பெயர் வந்ததே கொன்றை சூடிய பெருமானால் என்பதை அன்று அவன் மரத்தைத் தொட்டபடி அறிந்துகொண்டான்.

கொல்லையின் கோடியில் நின்ற மகிழ மரத்தை அம்மையார் அண்ணாந்து பார்த்ததைவிடக் குனிந்து பார்த்ததே மிகுதி. அதன் பூ மிகச் சிறியது. நட்சத்திர வடிவில் விடியலில் தரையெங்கும் சிதறிக் கிடக்கும். தரையில் விழுந்த மலரை இறைவனுக்குச் சாத்தலாகாது என்பது பொது விதி. மகிழம்பூவுக்கும் பவழமல்லிக்கும் அவ்விதியிலிருந்து விலக்கு உண்டு. காய்ந்த பின்னும் மகிழம்பூவின் மணம் நீங்குவதில்லை. திருவண்ணாமலையின் தல மரம் இது. நம்மாழ்வாருக்கு வகுளாபரணர் என்ற திருநாமம் அமைந்தது மகிழம்பூ மாலையால். அவ்வாழ்வாரின் அவதாரத் திருநாளும் வைகாசி விசாகமே. முதுமையில் தானாக உதிர்வதும் இறைவனுக்கு உரியதாகும் என்ற ஆறுதலை இம்மரத்தடியில் பெறாதவர் யார்?

கொடிப்பூ

பங்குனி முதல் ஆடி வரை அக்கொல்லையை ஆண்டது குண்டுமல்லிகை. கிணற்றடியில் பந்தல் கால் ஒன்றைப் பற்றி அது வளர்ந்திருந்தது. பெரியவரின் மாமியார் காலத்துக்கும் முற்பட்ட செடியொன்றின் பதியன் அது. அம்மையார் புகுந்த வீட்டுக்கு வந்தபோது தாய்வீட்டுச் சீர்வரிசையோடு ஒரு மண்சட்டியில் வந்து சேர்ந்தது.

மல்லிகை மனம்போனபடி பூப்பதில்லை. மார்கழியில் முழங்கால் உயரத்துக்கு அதனைக் கவாத்து செய்ய வேண்டும். பழைய கிளைகளை வெட்டி, இலைகளை உருவிவிட்டால் பார்ப்பதற்குப் பட்ட செடி போலவே நிற்கும். தை மாதத்தில் துளிர்த்து, மாசியில் தழைத்து, பங்குனியில் கணுவுக்குக் கணு மொட்டு விடும். வெட்டத் தயங்கியவர் வீட்டில் இலைதான் மிகும். நிழலில் வைத்தாலும் பூ குறையும். வெயில் அதற்கு உணவு.

மாலையில் வெளுத்துப் பருத்த மொட்டுகளை மட்டும் பறிப்பார்கள். பசுமை கலந்த மொட்டுகளை மறுநாளைக்கு விட்டுவிடுவார்கள். தொடுத்த சரத்தைச் சுவாமி படத்துக்குச் சாத்தி விளக்கேற்றிச் சற்று நேரம் அமர்ந்திருந்தால், சாத்திய இடத்திலேயே மொட்டுகள் மெல்ல அவிழும். அந்த வேளையில் பூசையறையில் பேச்சு எழுவதில்லை.

நிலப்பூவும் நீர்ப்பூவும்

கிணற்றிலிருந்து ஓடும் வாய்க்காலின் இருபுறமும் நிலப்பூக்கள். நந்தியாவட்டை, செம்பருத்தி, நித்தியகல்யாணி ஆகியவை அங்கே நின்றன. மழைக்குப் பின் தானே முளைத்த தும்பையில் எஞ்சியவை சில, கல்லிடுக்குகளில் பங்குனி வரை தாக்குப்பிடித்தன. செம்பருத்தி காலையில் மலர்ந்து அந்தியில் வாடிவிடும். கோடையில் அதன் நுனிகளில் மாவுப்பூச்சி வெண்பஞ்சு போல அப்பிக்கொள்ளும். ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பின் தெளிப்பது பெரியவரின் வழக்கம். இறைவனுக்குச் சாத்தும் மலர்ச்செடியில் கடும் நஞ்சைத் தெளிக்க அவர் ஒருப்பட்டதில்லை.

நீர்ப்பூவுக்கு அவ்வீட்டில் குளம் இல்லை. மாடு இருந்த காலத்துக் கல்தொட்டி ஒன்று கொட்டிலில் வெறுமையாகக் கிடந்தது. அதில் வண்டல் மண் இட்டு, நீர் நிரப்பி, வெள்ளல்லிக் கிழங்கை வைத்தார்கள். அல்லி இரவில் மலர்ந்து, வெயில் ஏறும்போது குவிந்துவிடும். ஆதலால் விடியலில் எழுபவர்களுக்கு மட்டுமே அதன் காட்சி கிட்டும். கொசுப்புழுக்களைத் தின்ன நான்கைந்து சிறு மீன்கள். கோடை முற்றியதும் தொட்டியின் விளிம்பில் மைனாவும் சிட்டும் நீர் அருந்த வரும். "மல்லிகை, நாற்பது" என்று எழுதும் கை, "மைனா, இரண்டு, நீர் அருந்தின" என்றும் எழுதியிருக்கிறது.

மலர் பறிப்பதில் அவ்வீட்டுக்குச் சில விதிகள் இருந்தன. பூச்சி அரித்ததையும் முகர்ந்ததையும் இறைவனுக்குச் சாத்துவதில்லை. விளக்கு வைத்த பின் செடியைத் தொடுவதில்லை. எத்தனை மலர்ந்தாலும் செடியில் சில மலர்களை விட்டுவைப்பது. வண்டுக்கும் தேன்சிட்டுக்கும் அவை உரியவை என்பார் அம்மையார்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. பங்குனி உத்திரத்துக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் கோயில்கள் பக்தர்களுக்குத் திறக்கவில்லை. மதுரை மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இன்றியே நடந்தது. அழகர் வைகையில் இறங்கும் வைபவம் நடைபெறவில்லை. பூக்கடைகளும் மூடிக் கிடந்தன. அந்தச் சித்திரையில் அக்கொல்லை குறைவின்றிப் பூத்தது. சார்வரி ஆண்டுப் பஞ்சாங்கத்தின் சித்திரைப் பக்கத்தில் பெரியவரின் குறிப்பு மற்ற ஆண்டுகளைவிடச் சற்று நீளமானது: "கொன்றை, மல்லிகை, அல்லி மூன்றும் இன்று. அம்மனுக்கு வீட்டிலிருந்தே சாத்தினோம்."

பதியன்

சுபகிருது ஆண்டு ஐப்பசியில் பெரியவர் இறைவனடி சேர்ந்தார்.

அதன்பின் அம்மையார் கொல்லைக் கதவைத் திறந்தது நீர் எடுப்பதற்கு மட்டுமே. அவ்வாண்டு மார்கழியில் மல்லிகையைக் கவாத்து செய்ய யாரும் இல்லை. பங்குனியில் அது இலையாகத் தழைத்து, விரல் விட்டு எண்ணும் அளவே பூத்தது. சித்திரை பிறந்த சில நாள்களுக்குப் பின் ஒரு விடியலில், கொல்லைப் படியில் கால் வைத்த அம்மையாரின் பாதத்தில் சிறு பூக்கள் ஒட்டின. இரவில் வீசிய காற்றில் வேப்பம்பூ படிவரை வந்து விழுந்திருந்தது. அண்ணாந்து பார்த்தார். மரம் எல்லா ஆண்டுகளையும் போலவே பூத்திருந்தது. வீட்டுக்குள் வந்து பழைய பஞ்சாங்கங்களை எடுத்து அந்த நாளுக்கு நேரான ஓரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பின் பென்சிலைத் தேடி எடுத்து, புதிய சோபகிருது பஞ்சாங்கத்தில் தம் கையால் முதன்முறையாக எழுதினார்: "வேம்பு, பூ."

அவ்வாண்டு ஆனியில் வீட்டை விற்பது பற்றிப் பேச்சு எழுந்தது. மகள் சென்னையில், தாய் தனியே, எழுபத்தைந்து வயது, ஒரு முறை கிணற்றடியில் வழுக்கி விழுந்ததும் உண்டு. மகள் சொன்னதில் தவறு இல்லை. வாங்க வருபவர் ஓட்டு வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவார் என்பதும், மரங்கள் நிற்கா என்பதும் எல்லாருக்கும் தெரிந்திருந்தன. அம்மையார் மறுக்கவில்லை. "ரெண்டு மழைக்காலம் போகட்டும்மா, அப்புறம் வரேன்" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அந்தக் காலக்கெடுவுக்குக் காரணம் இருந்தது. குண்டுமல்லிகை எவ்வளவு பூத்தாலும் விதை வைப்பது மிக அரிது. காற்றோ பறவையோ அதனைப் பரப்புவதில்லை. ஒருவர் பதியன் போட்டு இன்னொருவர் கையில் கொடுத்தால்தான் அது அடுத்த வீட்டை அடையும். இன்று தமிழகத்தின் வீடுகளில் பூக்கும் ஒவ்வொரு குண்டுமல்லிகையும், யாரோ ஒரு பெண்மணி யாரோ ஒருவருக்குக் கொடுத்ததன் தொடர்ச்சி. கொடுப்பவர் நின்றுவிட்டால் அந்தச் செடியின் வழியும் அங்கேயே நின்றுவிடும்.

ஆடி மழை தொடங்கியதும் அம்மையார் ஒரு பலகையைப் போட்டு மல்லிகையின் அடியில் அமர்ந்தார். தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, கணுவின் அடியில் பட்டையைச் சிறிது சீவி, அப்பகுதியை மண்ணில் பதித்து, மேலே ஒரு கல்லை வைத்தார். நுனி மட்டும் வெளியே நிமிர்ந்து நின்றது. மூன்று நான்கு மாதங்களில் மண்ணுக்குள் வேர் இறங்கும்; அதன்பின் தாய்ச்செடியிலிருந்து வெட்டி எடுக்கலாம். மறு ஆண்டு ஆடியிலும் அதையே செய்தார். இரண்டு மழைக்காலங்களில் பதினொரு பதியன்கள் தேறின. எதிர்வீட்டுக்கு ஒன்று, தெருவில் பூ விற்கும் பெண்ணுக்கு ஒன்று, பேரன் முன்பு படித்த பள்ளிக்கு ஒன்று என ஒவ்வொன்றாகக் கொல்லையை விட்டுச் சென்றன. ஊர் அம்மன் கோயிலில் நந்தவனம் என்று பெயரளவில் இருந்த வெற்றிடத்தில் மூன்றை நட்டு, கோயில் கிணற்று நீர் பாயும் வண்ணம் வாய்க்கால் வெட்டச் செய்தார். கடைசிப் பதியனைத் தமக்கென வைத்துக்கொண்டார். வேம்பையும் மகிழத்தையும் கொன்றையையும் எடுத்துச் செல்ல வழி இல்லை. கொன்றைக் காய்களை உடைத்து விதைகளை மட்டும் ஒரு டப்பாவில் சேர்த்தார்.

குரோதி ஆண்டு தை மாதத்தில் வீடு கைமாறியது. சென்னையில் மகள் வீடு மூன்றாவது மாடி. கிழக்கு நோக்கிய பால்கனியில் முற்பகல் வரை வெயில் விழும். அங்கே தொட்டியில் அந்தப் பதியன். அதனருகே பஞ்சாங்கங்களின் அடுக்கு வைத்த சிறிய அலமாரி. விசுவாவசு ஆண்டுச் சித்திரையில் ஒரு மாலை, இலைகளுக்கிடையே வெளுத்த மொட்டு ஒன்று தெரிந்தது. கண்டது பேரன். அவன் அழைத்த பின் அம்மையார் எழுந்து சென்று தாமும் பார்த்து, பிறகே குறித்தார்: "மல்லிகை, ஒன்று."

வைகாசியில் ஊரிலிருந்து எதிர்வீட்டுப் பெண் தொலைபேசியில் அழைத்தாள். "அத்தை, உங்க செடியில பறிச்ச பூவைத்தான் நேத்து அம்மனுக்குச் சாத்தினாங்க. குருக்கள் உங்க பேரைச் சொல்லி அர்ச்சனை பண்ணினார்" என்றாள். சற்றுத் தயங்கி, "கொன்றையை வெட்டிட்டாங்க அத்தை. வேம்பும் போயிடுச்சு" என்றாள். அம்மையார் சிறிது நேரம் பேசவில்லை. பின் அந்தப் பெண்ணின் வீட்டு மல்லிகை எத்தனை பூத்தது என்று விசாரித்தார். அன்றைய நாளுக்கு நேராகப் பஞ்சாங்கத்தில் இரண்டு குறிப்புகள் இருக்கின்றன. "மல்லிகை, அம்மனுக்கு." அதன் கீழே, "கொன்றை இல்லை."

கண்ணால் காண்பது மட்டுமே கணக்கில் ஏறும் என்ற பழைய வழக்கத்துக்கு மாறாக, காணாமலே எழுதப்பட்ட குறிப்புகள் அவை இரண்டு மட்டும்தான்.

முதியவர்கள் செய்யக்கூடியது

நிலத்தோடு கூடிய வீடுகள் குறைந்துவருகின்றன. இக்குறிப்பைப் படிக்கும் அன்பர்களுள் பலர் ஏற்கெனவே கொல்லையை விட்டு மாடிக்கு வந்திருக்கலாம். சிலர் அந்த முடிவின் வாயிலில் நிற்கலாம். மரங்களை எடுத்துச் செல்ல இயலாது என்பது உண்மை. எடுத்துச் செல்லக்கூடியவை சில இருக்கின்றன. மல்லிகை, நந்தியாவட்டை, செம்பருத்தி ஆகியவை பதியனாகவோ போத்தாகவோ தொட்டிக்கு வந்துவிடும். துளசி விதையில் முளைக்கும். பால்கனியில் நான்கைந்து மணி நேரம் வெயில் விழுந்தால் போதும். அரிசி களைந்த நீரை ஊற்றலாம். உதிர்ந்த இலைகளைத் தொட்டி மண்ணின் மேல் பரப்பினால் கோடையில் ஈரம் நிற்கும். நடுப்பகல் வெயிலில் நீர் ஊற்றாமல் காலையிலோ மாலையிலோ ஊற்றுவது நல்லது. ஈரத் தரையில் தனியே நடப்பதும், மலருக்காக முக்காலியில் ஏறுவதும் வேண்டா. எட்டாத மலர் செடியிலேயே இருக்கட்டும், அதுவும் இறைவனுடையதே.

பேரக் குழந்தைகளுக்கு மலர்களின் பெயர்களைச் சொல்லிக் கொடுப்பது அடுத்த கடமை. கொன்றை என்ற பெயரைப் புத்தகத்தில் படிக்கும் பிள்ளை, தெருவோரத்தில் அது பொன்னாகத் தொங்கும்போது அறியாமல் கடந்து செல்லக் கூடாது. மயிலாப்பூரிலும் திருப்புகலூரிலும் தல மரமாகிய புன்னை எது, திருக்கருகாவூர்ப் பெருமானுக்கு முல்லைவனநாதர் என்ற திருநாமத்தைத் தந்த முல்லை எது என்று காட்டிக் கொடுக்க இன்று முதியவர்களை விட்டால் வீட்டில் வேறு ஆள் இல்லை.

ஒரு நாளுக்கு ஒரு வரி எழுதுவது கடினம் அன்று. வாங்கிய பஞ்சாங்கத்திலேயே ஓரம் இருக்கிறது. இன்று எது மலர்ந்தது என்று அறிய வேண்டுமானால் சென்று பார்த்தாக வேண்டும். பார்க்கச் செல்வதற்காகவே படுக்கையை விட்டு எழ வேண்டியிருக்கும். தனிமையில் இருக்கும் முதியவருக்கு அந்த எழுச்சியே பெரிய அருள்.

இலை, மலர், கனி, நீர் ஆகியவற்றுள் எதை அன்போடு அளித்தாலும் ஏற்றுக்கொள்வதாகக் கண்ணபிரான் கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் அருளியிருக்கிறான். அளவைப் பற்றி அங்கே பேச்சு இல்லை. தொட்டியில் மலர்ந்த ஒன்றும் அந்தக் கணக்கில் சேரும். வரும் ஆடியில் மழை விழுந்ததும், வீட்டு மல்லிகையின் தாழ்ந்த கிளை ஒன்றை மண்ணில் பதித்து ஒரு கல்லை வைத்துவிட்டால், கார்த்திகைக்குள் அது ஒருவர் கையில் கொடுக்கத் தகுந்த செடியாகிவிடும். யாருக்குக் கொடுப்பது என்பதை அதற்குள் எண்ணி வைத்துக்கொள்ளலாம்.